ஆயக்குடி கொய்யாவை முகர்ந்திருக்கிறீர்களா? அப்போ ஒயின் டேஸ்ட்டிங் உங்களுக்குப் பாதி தெரியும்!

பழநியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்திருக்கிறதா? கண்டக்டர் சொல்வதற்கு முன்னாடியே ஆயக்குடி வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். சாலையோரம் கூடை கூடையாகக் கொய்யா. பச்சையும் மஞ்சளுமாகக் குவித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் 'லக்னோ-49' ரகம், உள்ளே வெள்ளைச் சதை. டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர்களைக் கேட்டால் ஆயக்குடி என்றதும் மரத்தடி இலவசப் பயிற்சி மையத்தைச் சொல்வார்கள். மற்ற எல்லோருக்கும் ஆயக்குடி என்றால் கொய்யாதான்.

அந்த வாசனையை அப்படியே மனசுல வெச்சுக்கோங்க. ஏனென்றால் நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் தயாராகும் 'சாவின்யோன் பிளாங்' என்ற வெள்ளை ஒயினைத் திறந்தால், கிளாஸிலிருந்து எழும் முதல் வாசனைகளில் ஒன்று இதுதான். 'கொய்யா மாதிரி இருக்கு' என்று கவிதைக்காகச் சொல்லவில்லை. கந்தகம் கலந்த ஒரு வாசனை மூலக்கூறு குடும்பம் இருக்கிறது. 3-மெர்காப்டோஹெக்ஸனால், அதன் அசிடேட் வடிவம் என்று வாயில் நுழையாத பெயர்கள். பேஷன் ஃப்ரூட்டிலும் கொய்யாவிலும் இருக்கும் அவையேதான் அந்த ஒயினிலும் இருக்கின்றன. இன்னொரு வேடிக்கை, திராட்சைச் சாறாக இருக்கும்போது இந்த வாசனை வெளியே தெரியாது. வேறு மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டு கமுக்கமாக இருக்கும். நொதிக்க வைக்கும்போது ஈஸ்ட் வந்துதான் அந்தக் கட்டை அவிழ்த்து விடுகிறது.

ஒயின் என்றாலே தயக்கப்படும் பலருக்கும் பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாட்டிலின் பின்பக்கத்தில் 'கூஸ்பெர்ரி, பிளாக்கரன்ட், எல்டர்ஃப்ளவர்' என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பழத்தையோ பூவையோ நாம் நேரில் பார்த்ததே இல்லை. ரெஸ்டாரன்ட்டில் ஒருவர் கிளாஸைச் சுழற்றிவிட்டு அந்தப் பெயர்களைச் சொன்னால், 'நமக்கு நாக்கு பத்தாது போல' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அப்புறம் விலை அதிகமான பாட்டிலே நல்ல பாட்டில் என்று நம்ப ஆரம்பிக்கிறோம். இரண்டுமே தப்பு. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றித்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் இருந்தால் மது வாங்கவும் முடியாது, குடிக்கவும் கூடாது. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லும் கட்டுரையும் இல்லை இது. கீழே இருக்கும் முதல் பாதிக்கு ஒயினே தேவையில்லை. கொய்யா இருந்தால் போதும்.

ஒரு கொய்யா, நாலு பாடம்

இரண்டு கொய்யா வாங்குங்கள். ஒன்று நன்கு பழுத்தது, இன்னொன்று கறுக்கென்று கடிபடும் காய்.

முதலில் மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பழத்தைக் கடித்து மெல்லுங்கள். இனிப்பு தெரியும், கொஞ்சம் புளிப்பு தெரியும், விதை நறநறக்கும். ஆனால் 'கொய்யா' மட்டும் இருக்காது. மென்றுகொண்டே மூக்கை விடுங்கள். குப்பென்று கொய்யா வந்து நிற்கும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகள்தான். மீதியை எல்லாம் வாயின் பின்பக்கம் வழியாக மூக்குதான் படிக்கிறது. ஒயின் ருசிப்பவர்கள் வாயில் வைத்து 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுப்பது பந்தாவுக்கு அல்ல, வாசனையை மேலே அனுப்பத்தான்.

அடுத்து காயைக் கடியுங்கள். கன்னத்தின் உள்பக்கமும் ஈறும் சுருங்கிப் பிடிக்கிறதா? அது துவர்ப்பு. சிவப்பு ஒயினில் 'டேனின்' என்று சொல்வது இந்த உணர்வைத்தான். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால் அதில் துவர்ப்பு இருக்கிறது, வெள்ளை ஒயினில் சாறை மட்டும் பிழிந்தெடுப்பதால் அவ்வளவாக இல்லை. இதை விளக்க இங்கிலீஷ் ஒயின் புத்தகங்கள் ரொம்பக் கஷ்டப்படும். 'கட்டங்காபி குடித்தால் வாய் வறண்டு போகிற மாதிரி' என்றெல்லாம் சுற்றி வளைப்பார்கள். நமக்கு அது அறுசுவையில் ஒன்று. நெல்லிக்காய், வாழைப்பூ, பாக்கு என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம். இந்த ஒரு விஷயத்தில் நாம் பிறக்கும்போதே பாஸ்.

மூன்றாவது புளிப்பு. ஒரு வாய் கடித்து விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று கவனியுங்கள். நிறைய ஊறினால் அமிலம் அதிகம். துவர்ப்பு வாயை உலர்த்தும், புளிப்பு ஊற வைக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் ஒயின் ருசிப்பதில் பெரிய மலையைத் தாண்டிவிட்டீர்கள்.

நாலாவது, விழுங்கியபின் வாசனை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். ஆயக்குடியில் காலையில் பறித்த பழத்துக்கும், நாலு நாள் லாரியிலும் கடையிலும் கிடந்த பழத்துக்கும் இதில்தான் பெரிய வித்தியாசம். ஒயினிலும் தரத்துக்கான நம்பகமான அடையாளம் இதுதான். நல்ல ஒயின் விழுங்கியபிறகும் பேசிக்கொண்டே இருக்கும். சுமாரானது தொண்டையைத் தாண்டியதும் காணாமல் போகும்.

திண்டுக்கல் பக்கத்து வாசனை அகராதி

1980-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை ஒயின் வாசனைகளைச் சக்கரம் போல வரைந்து வகைப்படுத்தினார். அதற்கு அவர் சொன்ன பயிற்சி ரொம்ப எளிமை. சாதாரண ஒயினில் ஒரு துண்டு பழமோ, மசாலாவோ போட்டு வைத்து முகர்ந்து பழகுவது. கலிஃபோர்னியாக்காரர்கள் அவர்கள் சமையலறையில் இருந்ததைப் போட்டார்கள். நாம் நம்முடையதைப் போட்டுக்கொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை. ஒயின்கூட வேண்டாம், மூடி போட்ட சின்ன டப்பாக்கள் போதும்.

கொய்யாவைப் பார்த்துவிட்டோம். அடுத்து பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கிலும் திண்டுக்கல் சமவெளியிலும் விளையும் அந்தக் கருநீல, விதையுள்ள, தோல் தடித்த திராட்சை. பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டால் ரோஜா வாசனை வருகிறது அல்லவா? பன்னீர் என்ற பெயருக்குப் பொருத்தமான வாசனை. இதன் சர்வதேசப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்ற வரலாறும் அந்தச் செய்தியோடு சேர்ந்து எல்லா இடத்திலும் வந்தது. ஆனால், இந்த ரகம் 1850-ஐ ஒட்டி இங்கிலாந்தில், பெட்ஃபோர்ட்ஷயரில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் உருவாக்கியதாகத்தான் திராட்சை ரகப் பதிவுகள் சொல்கின்றன. பாதிரியார் கொண்டுவந்தது இதன் சொந்தக்காரத் திராட்சை ஏதாவதாக இருக்கலாமோ என்னவோ.

நாம் ஜூஸ் போட்டுக் குடிக்கும் இதே பன்னீர் திராட்சையில் சீனாவின் தியான்ஜின் பகுதியில் ஒயின் தயாரிக்கிறார்கள். கிரீஸில் தீர்னவோஸ் ஊரிலும், கலிஃபோர்னியாவிலும்கூட. இதன் ரோஜா வாசனைக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற வாசனை எண்ணெய்கள். லினலூல் நம் வீட்டு கொத்தமல்லி விதையிலும் இருக்கிறது. தனியாவை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்துவிட்டு, உடனே பன்னீர் திராட்சையை முகர்ந்து பாருங்கள். 'அட!' என்பீர்கள். மஸ்கட் குடும்பத்து ஒயின்கள் எல்லாவற்றிலும் இந்த வாசனைதான் முன்னால் வந்து நிற்கும்.

மிளகு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மரத்தில் கொடியேறி நிற்கும் மிளகின் வாசனையும், 'ஷிராஸ்' சிவப்பு ஒயினின் மிளகு வாசனையும் ஒரே மூலக்கூறு. பெயர் ரோட்டண்டோன். 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை உறுதிசெய்தார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த மூலக்கூறின் வாசனையே தெரியாது என்பதும் அப்போது தெரியவந்தது. அதனால் ஷிராஸில் மிளகு தெரியவில்லை என்றால் உங்கள் ரசனையைச் சந்தேகிக்காதீர்கள். மூக்கின் அமைப்பே அப்படி இருக்கலாம்.

வாழைப்பழம். பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி பழம் ஒன்றைப் பழுக்க விட்டு முகருங்கள். இளசாகக் குடிக்க வேண்டிய பிரெஞ்சு 'போஜொலே நூவோ' ஒயினில் வாழைப்பழ வாசனை சகஜம். திராட்சையை நசுக்காமல் கொத்துக் கொத்தாக மூடிய தொட்டியில் நொதிக்க வைப்பதும், அதற்குப் போடும் ஈஸ்ட்டும்தான் காரணம்.

கிராம்பும் வெனிலாவும் வந்தால் அது பெரும்பாலும் திராட்சையின் வேலை இல்லை, ஓக் மரப் பீப்பாயின் வேலை. வெண்ணெய் வாசனை வந்தால் அது ஷார்டொனே போன்ற ஒயின்களில் பாக்டீரியா செய்த காரியம். தயிர் உறையும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சங்கதி புதிதில்லை. நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த கோணி மாதிரி நாறினால் மட்டும் அது ரசிக்க வேண்டிய 'நோட்' அல்ல. கார்க்கில் வரும் ஒரு பழுது. ஹோட்டலில் என்றால் தைரியமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

விலைக்கும் ருசிக்கும் என்ன சம்பந்தம்?

2001-ல் பிரான்ஸின் போர்தோவில் ஃபிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளை அப்படியே அடுக்கினார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

விலைச்சீட்டும் அப்படித்தான். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பாட்டிலை மறைத்து நடத்திய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ருசிபார்ப்புகளை அலசினார்கள். ஒயின் பயிற்சி இல்லாத சாதாரண ஆட்கள், விலை தெரியாதபோது காஸ்ட்லி ஒயினை அதிகம் ரசிக்கவில்லை. சொல்லப்போனால் துளி குறைவாகவே ரசித்தார்கள். அதே வருடம் கால்டெக் ஆய்வாளர்கள், ஒரே ஒயினுக்கு இரண்டு விலை சொல்லிக் கொடுத்தபோது, விலை அதிகம் என்று சொல்லப்பட்ட கிளாஸையே மக்கள் ரசித்தார்கள். மூளை ஸ்கேனிலும் அந்த சந்தோஷம் நிஜமாகவே தெரிந்தது. ஏமாந்ததில்கூட உண்மையான சந்தோஷம்!

அதற்காக விலை எல்லாம் வெறும் பம்மாத்து என்று சொல்ல முடியாது. புது பிரெஞ்சு ஓக் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும், அதாவது 300 பாட்டில். பீப்பாயின் விலை அந்த 300 பாட்டிலில் ஏறும். கையால் பறித்தால் கூலி ஏறும். வருடக்கணக்கில் கிடங்கில் வைத்தால் வட்டி ஏறும். இவை ருசியை மாற்றும் செலவுகள். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் கொடுப்பது ஊர்ப் பெயருக்கான காசு. மலிவான நல்ல ஒயினைத் தேடும் சூட்சுமம் இதில் இருக்கிறது. பீப்பாய் தேவைப்படாத ரகங்களை, பெயர் இன்னும் ஏறாத ஊர்களிலிருந்து, இளசாக வாங்குங்கள். கொய்யா வாசனை ஒயினுக்குப் பீப்பாய் வேண்டாம், ஸ்டீல் தொட்டி போதும். வைத்திருந்து குடிக்கவும் வேண்டாம். அந்த வாசனை ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும்.

சரி, எதை வாங்கலாம்?

நம் ஊரில் ஒரு முரண் உண்டு. 'ஒயின் ஷாப்'புக்குப் போகிறவர்கள் ஒயின் வாங்கப் போவதில்லை! டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் ஒயின் அலமாரி உண்டு, ஆனால் எல்லாப் பெயரும் எப்போதும் இருக்காது. அதனால் பிராண்டைவிட ரகத்தின் பெயரை மனப்பாடம் செய்வது லாபம். புதுச்சேரியில் கூடுதல் ரகம் இருக்கிறதே என்று பையில் கட்டிக்கொண்டு வராதீர்கள். செக்போஸ்ட்டில் மாட்டினால் வழக்கு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் இந்திய ஒயின்தான். தேசபக்தி இல்லை, கணக்கு. இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவின் சுங்க வரி பல ஆண்டுகளாக 150 சதவிகிதமாக இருந்தது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் வரி படிப்படியாகக் குறைகிறது. ஆனால் அது 5 டாலருக்கு மேல் இறக்குமதி விலை உள்ள பாட்டில்களுக்கு மட்டும், 15 டாலருக்கு மேல் என்றால் சலுகை இன்னும் அதிகம். அதாவது அடிமட்ட விலை ஒயினுக்கு எதுவும் இல்லை. இங்கே வெளிநாட்டு லேபிளோடு கிடைக்கும் மலிவு பாட்டிலில் நீங்கள் கொடுக்கும் காசில் கணிசமான பகுதி வரிக்குப் போகிறது. அதே காசுக்கு நாசிக் ஒயினில் ஒரு படி மேலே ஏறிவிடலாம்.

முதல் பாட்டில், சூலா சாவின்யோன் பிளாங். நாசிக்கில் 2000-ல் முதல் ஒயினை வெளியிட்ட நிறுவனம் இது. மாநில வரியைப் பொறுத்து ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும். நியூசிலாந்து அளவுக்குக் கொய்யா தூக்கலாக இருக்காது, பச்சை மிளகாய், புல் வாசனை சேர்ந்து வரும். ஆனால் பயிற்சிக்கு இதைவிட வசதியான பாட்டில் இல்லை. புளிப்பு பிடிக்காதவர்கள் 'ஷெனின் பிளாங்' எடுங்கள். நாசிக், அக்லுஜ் பக்கத்து ஷெனின்கள் லேசான இனிப்போடு, அன்னாசி வாசனையோடு இருக்கும். ஒயினே பிடிக்காது என்பவர்கள்கூட அரை கிளாஸ் முடித்துவிடுவார்கள். சிவப்பில் பெங்களூரு அருகே நந்தி மலைப் பகுதியின் குரோவர் ஜாம்பா, நாசிக்கின் ஷிராஸ்கள். சில மலிவு இந்தியச் சிவப்புகளில் கருகிய ரப்பர் மாதிரி ஒரு நெடி வரும். கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் அடங்கும்.

நம் நாட்டு ஒயினுக்கு ஒரு விசித்திரமும் உண்டு. ஐரோப்பாவில் செப்டம்பரில் அறுவடை. நாசிக்கில் மழை முடிந்தபின் கவாத்து செய்து, குளிர்காலத்தில் வளர்த்து, பிப்ரவரி - மார்ச் வாக்கில் அறுக்கிறார்கள். அதனால் லேபிளில் போன வருடத் தேதி இருந்தாலே அது வயசான வெள்ளை ஒயினாக இருக்கலாம். வெள்ளையைப் பொறுத்தவரை கடையில் இருப்பதிலேயே புது வருடத்தை எடுங்கள். 'போர்ட்' என்று போட்டு ரொம்ப மலிவாக விற்கும் இனிப்புச் சிவப்பு ஒயின், போர்ச்சுகலின் தோரு பள்ளத்தாக்கு போர்ட்டோடு பெயரளவில்தான் உறவு. கேக்கில் ஊற்றலாம், ருசி பழக வேண்டாம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும், படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பட்டியல் வேறு. அங்கே சூப்பர் மார்க்கெட் அலமாரிதான் உங்கள் சந்தை. லண்டனில் என்றால் பத்து பவுண்டுக்குள் அழகாகத் தேறும். கொய்யா வேண்டுமா? நியூசிலாந்துக்குப் பதில் சிலியின் சாவின்யோன் பிளாங், காசாபிளாங்கா பள்ளத்தாக்கு என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஷெனினுக்கு தென்னாப்பிரிக்கா. இந்த விலையில் உலகிலேயே அதை அடிக்க ஆள் இல்லை என்பது என் கட்சி. பன்னீர் திராட்சை ஏக்கம் வந்தால் இத்தாலியின் 'மொஸ்காட்டோ தாஸ்தி'. இனிப்பு, மெல்லிய நுரை, ஆல்கஹால் ஐந்து சதவிகிதத்தை ஒட்டித்தான். நம் திராட்சையின் ஒன்றுவிட்ட சொந்தத்திலிருந்து செய்வது. சிவப்புக்கு ஸ்பெயினின் 'கர்நாச்சா', அர்ஜென்டினாவின் 'மால்பெக்'. பார்ட்டிக்கு ஷாம்பெயின் வாங்கி மாசச் சம்பளத்தைக் கரைக்காதீர்கள். ஸ்பெயினின் 'காவா' அதே முறையில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைத்துச் செய்வது. விலையோ அதில் ஒரு பகுதிதான்.

பிரெஞ்சு லேபிளில் மட்டும் கொஞ்சம் தலை சுற்றும். திராட்சை பெயரைப் போடாமல் ஊர் பெயரைப் போடுவார்கள். 'சான்சேர்' என்றால் வெள்ளையில் சாவின்யோன் பிளாங், 'ஷாப்ளி' என்றால் ஷார்டொனே. நாமும் 'ஆயக்குடி கொடுங்க' என்று கேட்டுக் கொய்யா வாங்குகிற காலம் வந்தால் அப்படித்தான் எழுதுவோம்.

சூடு, கிளாஸ், பிரியாணி

'சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்' என்ற அறிவுரையை எழுதியவர் சித்திரை மாசத்துப் பழநியில் இருந்ததில்லை. அவர் சொன்ன ரூம் 16 - 18 டிகிரி. நம் அறை அதைப்போல இரண்டு மடங்கு. எனவே சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம். ஆனால் ஐஸ் மாதிரி சில்லென்று குடித்தால் வாசனை எழும்பாது, ஊற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் வைத்துவிட்டு சினிமாவுக்குப் போகாதீர்கள். இரண்டு மணி நேரச் சூட்டில் ஒயின் வெந்துவிடும். வாய் குறுகிய, மெல்லிய கண்ணாடி கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டில் இருக்கும் கண்ணாடி டம்ளரே போதும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மேலே இருக்கும் காலி இடம்தான் வாசனைக்கான இடம்.

சாப்பாட்டு விஷயத்தில் சீரக சம்பா போட்ட திண்டுக்கல் பிரியாணி ஒரு சவால். காரத்தோடு ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். 14 சதவிகித கேபர்னேயை மிளகு தூக்கலான பிரியாணியோடு குடித்தால் இரண்டின் ருசியும் போய்விடும். இனிப்பு துளி இருக்கிற, ஆல்கஹால் குறைந்த வெள்ளையே காரத்துக்குத் தோழன். ஷெனின், மொஸ்காட்டோ, ஜெர்மனியின் இனிப்பு ரீஸ்லிங். மட்டன் சுக்கா என்றால் நன்கு குளிர வைத்த ஷிராஸ் முயலலாம், மிளகுக்கு மிளகு. பஜ்ஜி, வடைக்கு நுரைக்கும் ஒயின் அசத்தல். அதன் புளிப்பும் நுரையும் எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து வழித்துவிடும். ரசத்தோடு எதுவும் சேராது. முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

'ஒயின்தானே' என்பவர்களுக்கு

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 13 சதவிகித ஒயின் 750 மி.லி. பாட்டில் ஒன்றில் சுமார் 77 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் விஸ்கியில் இருப்பது சுமார் 61 கிராம். 5 சதவிகித பெரிய பீர் பாட்டில் மூன்றைக் குடித்தால்தான் ஒரு பாட்டில் ஒயினுக்கு ஈடாகும். 'நான் ஹாட் அடிக்கிறதில்ல, ஒயின் மட்டும்தான்' என்று முழு பாட்டிலை ஒருவரே முடிப்பது, ஒரு குவார்ட்டருக்கும் மேலே அடித்த கணக்கு. ஒரு பாட்டில் என்பது ஐந்து பேருக்கான அளவு.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டையும் டெலிட் செய்துவிடலாம். ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அது 1988 முதலே இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள், குடியிலிருந்து மீண்டவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வண்டி ஓட்டுபவர்களுக்கு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லி கிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒயின் என்பதால் ஊதுகிற கருவி சலுகை காட்டாது.

கொய்யா மலிந்து கிடக்கிறதே, யூடியூப் பார்த்து வீட்டிலேயே கொய்யா ஒயின் போடலாமா என்று கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடி நொதிக்கும்போது வெடிக்கவும் செய்யும்.

ருசிக்கும் தொழிலில் இருப்பவர்கள் ஒரு நாளில் ஐம்பது, நூறு ஒயின்களைச் சோதிக்கிறார்கள். எதையும் விழுங்குவதில்லை, பக்கத்தில் வைத்திருக்கும் குவளையில் துப்பிவிடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம், யாரும் சிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் ஒரு மாலை இதைச் செய்து பார்ப்பது சுலபம். ஐந்து பேர், வண்டி எடுக்காதவர்கள். மேசையில் ஒரு தட்டு: பழுத்த கொய்யா, கொய்யாக்காய், பன்னீர் திராட்சை, நசுக்கிய மிளகு, தனியா, கிராம்பு. இரண்டே பாட்டில், ஒன்று மலிவு, ஒன்று அதைவிட இரண்டு மடங்கு விலை, இரண்டும் ஒரே ரகம். பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள். சுற்றியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு வாய் அளவு ஊற்றி, முதலில் தட்டை முகருங்கள், அப்புறம் கிளாஸை. என்ன தோன்றுகிறதோ அதைப் பேசாமல் போனில் டைப் செய்யுங்கள். ஒருவர் சத்தமாக 'கொய்யா' என்று சொல்லிவிட்டால் மற்ற நாலு பேருக்கும் கொய்யாதான் தெரியும். எல்லோரும் எழுதி முடித்தபின் பிடித்தது எது என்று கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, பேப்பரைப் பிரியுங்கள்.

மிச்சம் இருந்தால் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் வினிகர் நெடி அடிக்க ஆரம்பித்தால் சிங்க்கில் ஊற்றிவிடலாம். தட்டில் மிச்சமாகும் கொய்யாவுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் போதும்.